பெயின்டுக்கு அடியில்

ஹீலோ

ஹீலோவில் குடை பிடித்து நடந்தால் வெளியூர் ஆள் என்று தெரிந்துவிடும். உள்ளூர்க்காரர்கள் நனைந்தபடியே ரோட்டைக் கடக்கிறார்கள், கடைத் தாழ்வாரத்தில் கொஞ்சம் நின்று தலையைத் துவட்டுகிறார்கள், மறுபடி இறங்கிப் போகிறார்கள். ஹவாயின் பெரிய தீவில், கிழக்குக் கரையில் இருக்கும் இந்த ஊரில் ஒரு வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. அவ்வளவு பெய்ய திருச்சிக்கு ஏறக்குறைய நான்கு வருடம் வேண்டும்.

மழையும் உப்புக்காற்றும் சேர்ந்து எந்த உலோகத்தையும் விட்டுவைப்பதில்லை. தங்கிய வீட்டின் கேட், கீல், தபால்பெட்டி எல்லாவற்றிலும் துரு. நான் திருவெறும்பூர்ப் பக்கம் பாய்லர் குழாய்களின் வெல்டிங்கைச் சோதித்துச் சம்பளம் வாங்கியவன். என்.டி.டி. என்றால் எங்கள் பக்கத்து டீக்கடைக்காரருக்கும் தெரியும்: பொருளை வெட்டாமல், உடைக்காமல், உள்ளே கோளாறு இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. துரு எங்கே தெரிந்தாலும் விரல் தானாகப் போய்த் தடவும்.

ஹவாய்க்கு வருகிறவர்கள் எரிமலை பார்க்க வருகிறார்கள், அலையில் விளையாட வருகிறார்கள். நான் ஒரு பழைய விமானத்தின் பாதையைத் தொட்டுக்கொண்டு போக வந்தேன். எங்கள் தொழிலில் பாடம் நடத்துகிற எவரும் அதன் படத்தைக் காட்டாமல் விடுவதில்லை. முன்பக்கக் கூரை முழுவதும் பிய்ந்துபோய், இருக்கைகள் வெட்டவெளியில் தெரிய, ஓடுபாதையில் நிற்கும் போயிங் 737 அது.

முதலில் சந்தை. ரம்புத்தான், லிச்சி, பப்பாளி, செக்கச்சிவந்த அந்தூரியம் பூ, நடுவே மண் ஒட்டிய சேப்பங்கிழங்குக் குவியல். இங்கே கலோ என்கிறார்கள். வேகவைத்து, இடித்துக் கூழாக்கி, புளிக்கவிட்டால் அதுதான் 'போய்' என்கிற உணவு. ஹவாய்க்காரர்களுக்குக் கலோ வெறும் சாப்பாடு இல்லை, குலத்தின் மூத்த அண்ணன். அப்படித்தான் அவர்களுடைய கதை சொல்கிறது. கூழில் உப்பில்லை, காரமில்லை, சாம்பல் ஊதா நிறம். உப்புப்போட்ட சால்மன் மீனும் தக்காளியும் வெங்காயமும் பிசைந்த ஒன்றைத் தொட்டுக்கொண்டால்தான் எனக்கு இறங்கியது. சேப்பங்கிழங்கை வறுத்து மிளகாய்த்தூள் போட்டே பழகிய நாக்கு.

கிழங்கு விற்ற அம்மாவை எல்லோரும் ஆன்ட்டி என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அந்த விமானம் பற்றிக் கேட்டதும் எடைபோட்ட கை நின்றது. "அப்போ விமானம்னா எங்களுக்கு பஸ். பல் டாக்டரைப் பார்க்கவே ஹொனலுலு போவோம். காலையில் போய் சாயங்காலம் சமையலுக்கு வந்துடலாம்" என்றார். அவர் சொன்ன பஸ் என்ற சொல்லை மனதில் வைத்துக்கொண்டேன். விஷயம் அதில்தான் இருக்கிறது.

கடற்கரையோரம் இந்த ஊருக்குக் கடைவீதி இல்லை, பெரிய புல்வெளிதான் இருக்கிறது. 1946இலும் 1960இலும் வந்த சுனாமிகள் அங்கே இருந்ததை அடித்துக்கொண்டு போயின. அதற்குப் பிறகு ஊர் அந்த இடத்தைக் கடலுக்கே விட்டுவிட்டது. நாகப்பட்டினத்தை அறிந்தவர்களுக்கு அந்தப் புல்வெளியைத் தாண்டிப் போக மனம் வராது. அதற்கு அந்தப்புறம் ஆலமரச் சாலை. 1930களில் ஊருக்கு வந்த பிரபலங்கள் ஆளுக்கொன்றாய் நட்ட மரங்கள், அடியில் பெயர்ப்பலகைகள். பேஸ்பால் வீரர் பேப் ரூத் நட்டது ஒன்று. 1935இல் விமானி அமேலியா இயர்ஹார்ட் நட்டது ஒன்று. இரண்டு வருடம் கழித்து அவர் பசிபிக்கின் மேல் விமானத்தோடு காணாமல் போனார். மரம் விழுதுவிட்டுப் பெருத்து நிற்கிறது.

ஹீலோ விமான நிலையம் சின்னது. 1988 ஏப்ரல் 28 மதியம் இங்கிருந்துதான் அலோஹா ஏர்லைன்ஸின் 243ஆம் எண் விமானம் 90 பயணிகளோடும் 5 ஊழியர்களோடும் ஹொனலுலுவுக்குக் கிளம்பியது. ஏறும்போது ஒரு பயணி விமானத்தின் உடலில் ஒரு விரிசலைப் பார்த்தார். கதவுக்கும் ஏறுபாலத்தின் விளிம்புக்கும் நடுவே, ரிவெட் வரிசையை ஒட்டி நீளவாக்கில் ஓடிய விரிசல். அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. விபத்துக்குப் பிறகு விசாரணையில்தான் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பின்னால் வரிசை நெருக்குகிறது, கையில் பை, நிற்பதோ பெரிய நிறுவனத்தின் வாசலில். பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இருப்பார்களே என்று நாமும் உள்ளே போய் உட்கார்ந்திருப்போம்.

கால்வாய்க்கு மேலே

ஹீலோவிலிருந்து மௌயித் தீவுக்குப் போகும் விமானம் ஏறி முடித்ததும் இறங்கத் தொடங்கிவிடுகிறது. கொய்யா ஜூஸ் டம்ளரின் மூடியைக் கிழிப்பதற்குள் வாங்கிக்கொண்டு போக வந்துவிட்டார்கள். இடதுபுறம் மௌனா கேயாவின் உச்சி மேகத்துக்கு மேல் தனியாக நின்றது. கீழே அலெனுயிஹாஹா கால்வாய், வெள்ளை நுரை கிளப்பும் முரட்டுத் தண்ணீர்.

ஒவ்வொரு முறை மேலே ஏறும்போதும் வெளியைவிட உள்ளே காற்றழுத்தம் கூடுதலாக இருக்க, விமானத்தின் உடல் லேசாக உப்புகிறது, இறங்கும்போது சுருங்குகிறது. உலோகத்துக்கு வயது கூடுவது நேரக்கணக்கால் மட்டும் இல்லை, இந்த உப்பலும் சுருங்கலும் எத்தனை முறை என்பதாலும்தான். 1969இல் தயாரான அந்த விமானம் 35,496 மணி நேரம்தான் பறந்திருந்தது. ஆனால் ஏறி இறங்கியது 89,680 முறை. சராசரியாக ஒரு பயணம் அரை மணிகூட இல்லை. ஆன்ட்டி சொன்ன பஸ் இதுதான். உலகத்தில் அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த 737களில் அதைவிட அதிக முறை ஏறி இறங்கியது ஒன்றே ஒன்று.

உடலின் தகடு 0.9 மில்லிமீட்டர் கனம். ஒரு தகட்டின் விளிம்பை இன்னொன்றின் மேல் ஏற்றி, நடுவில் பசைத் துணி வைத்து, மூன்று வரிசை ரிவெட் அடிப்பார்கள். பாரத்தைச் சுமக்க வேண்டியது பசை. ஆரம்பகால 737களில் பயன்படுத்திய பசையைக் குளிரில் வைத்திருந்து எடுக்க வேண்டும். எடுக்கும்போது ஈரம் கோத்துக்கொண்டால் ஒட்டு சரியாகப் பிடிக்காது. பிடிக்காத இடத்தில் நாளடைவில் உப்புநீர் இறங்கும், அரிப்பு வரும், அரிப்பின் கழிவு தகடுகளைப் பிரித்துத் தள்ளும். பாரம் முழுவதும் ரிவெட்டுக்கு வந்துவிடும். ரிவெட்டின் தலை தகட்டோடு சமமாக உட்காரத் துளையின் வாயைச் சரிவாகக் குடைந்திருப்பார்கள். தகடு மெலிசு என்பதால் துளையின் அடிவிளிம்பு கத்திமுனையாகக் கூர்ந்திருக்கும். விரிசல் அந்த முனையில் பிறக்கிறது, தகட்டுக்குள்ளே, ரிவெட் தலைக்குக் கீழே, பெயின்டுக்கு அடியில். ஒரு துளையில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் பயமில்லை. வரிசையாக எல்லாத் துளைகளிலும் இருந்தால்? தபால்தலைத் தாளைத் துளை வரிசையில் மடித்து இழுப்பது மாதிரிதான்.

கஹுலுயி

மௌயியின் கஹுலுயி விமான நிலையத்தில் இறங்கியதும் காற்று சட்டையைப் பிடித்து இழுக்கிறது. இரண்டு மலைகளுக்கு நடுவே தாழ்வான நிலம், அந்த இடுக்கு வழியாக வணிகக்காற்று ஓயாமல் ஓடுகிறது. நிலையத்தை ஒட்டியே நீர்ப்பறவைச் சரணாலயம் ஒன்று, அதைத் தாண்டினால் பட்டத்தைக் கட்டிக்கொண்டு அலைமேல் பறக்கும் இளைஞர்கள். தெற்கே முன்பு கரும்பு நின்ற வயல்கள். ஹவாயின் கடைசி சர்க்கரை ஆலை இங்கே 2016இல் மூடப்பட்டது. கரும்புத் தோட்டம் என்றாலே நம் ஆட்களைத் தேடும் பழக்கம் எனக்கு. ஃபிஜி, மொரீஷியஸ், நேட்டால் எங்கும் கப்பலேறிப் போன தமிழர்கள் இந்தப் பக்கம் வரவில்லை. இங்கே வெட்டியவர்கள் சீனர்கள், ஜப்பானியர்கள், போர்த்துகீசியர்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள்.

அன்றைக்கு 24,000 அடி உயரத்தில், அந்த அலோஹா விமானம் மௌயியை நெருங்கும்போது, முன்கதவுக்குப் பின்னாலிருந்து ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் நீளத்துக்குக் கூரையும் பக்கச்சுவரும் ஒரே நொடியில் பறந்துபோயின. கேப்டன் ராபர்ட் ஷார்ன்ஸ்டைமர் திரும்பிப் பார்த்தபோது முதல் வகுப்பின் கூரை இருக்க வேண்டிய இடத்தில் நீல வானம் தெரிந்தது. துணை விமானி மேடலின் டாம்ப்கின்ஸோடு சேர்ந்து, 13 நிமிடத்தில் விமானத்தை இங்கே இறக்கினார். இடது இன்ஜின் நின்றுவிட்டது; மூக்குச் சக்கரம் பூட்டிக்கொண்டதா என்று காட்டும் விளக்கு எரியவில்லை. ஆனாலும் சக்கரம் தாங்கியது. பயணிகள் எல்லோரும் பெல்ட் போட்டிருந்ததால் இருக்கையில் இருந்தார்கள், 65 பேருக்குக் காயம். நின்றபடி பானம் கொடுத்துக்கொண்டிருந்த மூத்த பணிப்பெண் கிளாராபெல் லான்சிங் மட்டும் வெளியே இழுக்கப்பட்டார். 37 வருடம் அந்த வேலையில் இருந்தவர். உடல் கிடைக்கவே இல்லை.

தீவில் ஆம்புலன்ஸ் போதவில்லை. சுற்றுலாக் கம்பெனி ஒன்றின் வேன்களில் காயம்பட்டவர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார்கள். என்னை ஊருக்குள் கொண்டுபோன ஓட்டுநருக்கு அந்தக் கதை தெரிந்திருந்தது. அவர் அப்போது பள்ளிக்கூடப் பையன். வேலியோரம் நின்று பார்த்தாராம். "மேலே ஒண்ணும் இல்லாத விமானம். ஆனா ஆட்கள் உட்கார்ந்திருந்தாங்க" என்றார். ரேடியோவைப் போட்டுக்கொண்டார்.

லஹைனா

மௌயியின் மேற்குக் கரையில் இருக்கும் லஹைனாவுக்கும் என் விஷயத்துக்கும் தொடர்பு இல்லை. ஒரு ஆலமரத்தைப் பார்க்கத்தான் போனேன். 1873இல் இந்தியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட கன்று அது. எட்டடி இருந்த செடி ஒரு தோப்பளவு பரவியது. 2023 ஆகஸ்ட் தீயில் ஊரே எரிந்தபோது மரமும் கருகியது. ஆனால் சில வாரங்களிலேயே துளிர்த்தது. வேலிக்கு வெளியிலிருந்துதான் பார்த்தேன். பட்ட கிளைகளை வெட்டியிருந்தார்கள், மீதியில் பச்சை. மரவைத்தியர்கள் பட்டையை லேசாகச் சுரண்டி, அடியில் பச்சை இருக்கிறதா என்று பார்த்தே உயிருள்ள கிளை எது என்று முடிவுசெய்தார்களாம். எங்களுக்கு அந்த வசதி இல்லை. விமானத்தின் பெயின்டைச் சுரண்டினால் அங்கே அரிப்புக்கு வழி திறந்துவிடும்.

ஹொனலுலு

ஹொனலுலு விமான நிலையத்தில் லான்சிங்கின் பெயரில் ஒரு தோட்டம் இருக்கிறது, 1995இல் திறந்தது. பூச்செடிகளுக்கு நடுவே போர்டிங் பாஸைத் தேடிக்கொண்டு போகிறார்கள் ஜனங்கள். என்னோடு வந்தவர் இதே தீவில் பல வருடம் விமானச் சோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். தாத்தா பிலிப்பைன்ஸிலிருந்து கரும்பு வெட்ட வந்தவர். எந்த நிறுவனத்தில் வேலை பார்த்தார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சாப்பிட உட்கார்ந்தோம். இரண்டு கரண்டி சோறு, ஒரு கரண்டி மயோனைஸில் குழைத்த மாக்கரோனி, மேலே வறுத்த கோழி. இந்தத் தட்டு சாப்பாடு கரும்புத் தோட்டக் கூலிகள் ஒருவர் தூக்குவாளியில் மற்றவர் கைவிட்டுத் தின்றதன் வாரிசு. சாப்பிட்டபடியே அவர் தன் வேலையைச் சொன்னார்.

"பகலில் விமானத்தைத் தர மாட்டாங்க. பகலில் அது சம்பாதிக்கணும். கடைசி டிரிப் முடிஞ்சு ஹேங்கருக்கு வரும்போது நடு ராத்திரி. விடியறதுக்குள்ள திருப்பித் தரணும். சாரத்தில் ஏறி, கூரைமேல போகும்போது இடுப்பில் கயிறு கட்டி உத்தரத்தில் மாட்டுவோம். ஒரு கையில் விளக்கு, ஒரு கையில் கருவி. கழுத்து வலிக்கும். ஆயிரம் ரிவெட் பார்த்திருப்பேன், ஒண்ணும் இருக்காது. ஆயிரத்து ஒண்ணாவதைப் பார்க்கிற கண்ணு அதே கண்ணு இல்லை."

அவர் சொன்னதில் பெரும்பகுதி அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் 1989ஆம் வருட அறிக்கையிலும் இருக்கிறது. கயிறும் உத்தரமும்கூட. அந்தச் சோதனையில் சுமார் 1,300 ரிவெட்டுகளைக் கண்ணை ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும் என்று அறிக்கை கணக்குச் சொல்கிறது. தகடுகளின் ஒட்டு விட்டதையும் விரிசல் விழுந்ததையும் கண்டுபிடிக்கத் தவறிய பராமரிப்பு முறையைத்தான் விபத்தின் காரணமாக வாரியம் சொன்னது. இன்னொன்றும் இருக்கிறது. விபத்துக்கு முந்தின வருடம் அரசு கட்டாயமாகச் சோதிக்கச் சொன்னது கூரையின் உச்சிப் பக்கம் இருக்கும் இணைப்பு வரிசையை மட்டும். தயாரிப்பாளர் பரிந்துரைத்ததோ எல்லா வரிசைகளையும். பயணி பார்த்த விரிசல், கட்டாயப் பட்டியலில் இல்லாத கீழ் வரிசையில் இருந்தது. ஒரு விளக்குக் கம்பத்தின் கீழே தேடச் சொல்லிவிட்டு, தொலைந்தது வேறு தெருவில் என்றால் தேடுகிறவன் என்ன செய்வான்?

"பெயின்ட் எதிரியா?" என்று கேட்டேன்.

"சே, பெயின்ட் நண்பன்" என்றார். அரிப்பு உள்ளே வளர்ந்தால் பெயின்ட் கொப்பளிக்கும், செதிலாக உரியும், ரிவெட்டுகளுக்கு நடுவில் தகடு சின்னத் தலையணையாக உப்பும். சாய்ந்த வெளிச்சத்தில் விளக்கைப் பிடித்தால் தெரியும். "அது கத்தும். புதுசா பெயின்ட் அடிச்சா கொஞ்ச நாள் வாயை மூடிக்கும், அவ்வளவுதான். விரிசல்தான் கத்தாது. அதுக்குக் கருவி வேணும்."

ஆல்புகெர்க்கி

ஹீலோவின் மழைக்குப் பிறகு நியூ மெக்ஸிகோவின் காற்று உதட்டை வெடிக்க வைத்தது. 1,600 மீட்டர் உயரம், செம்மண், கிழக்கே மாலையில் ரோஜாநிறம் பூசிக்கொள்ளும் மலை. தெருமுனைகளில் இரும்புக்கூண்டு உருளைகளில் பச்சை மிளகாயைக் கொட்டி நெருப்பில் சுழற்றி வறுக்கிறார்கள். அந்த வாசனையில் கண் கலங்கியது, காரத்தால் மட்டும் இல்லை. பயணம் தொடங்கியதிலிருந்து மிளகாய் இல்லாமல் தவித்த ஆள் நான். ஹோட்டலில் சிவப்பா பச்சையா என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியையே மாநிலத்தின் அதிகாரபூர்வக் கேள்வியாகச் சட்டசபை அறிவித்திருக்கிறது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான் நமக்கு வந்தது. மூலத்தில் வந்து சாப்பிட்டேன், நம்முடையதுதான் காரம்.

அலோஹா விபத்துக்குப் பிறகு அமெரிக்க அரசு கிழட்டு விமானங்களின் பக்கம் கண்ணைத் திருப்பியது. 1991இல் சாண்டியா ஆய்வுக்கூடம் இங்கே விமான நிலையத்தில் ஒரு ஹேங்கரை எடுத்து, சோதிக்கிற முறைகளையே சோதிக்கிற மையம் ஒன்றை நடத்தத் தொடங்கியது. அதற்கென்றே ஒரு பழைய 737 உண்டு. வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள். ஆனால் இந்தத் தொழிலில் தலைநரைத்த ஒரு பெண்மணி, சோதகர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர், தன் வீட்டுக் கராஜுக்கு என்னைக் கூப்பிட்டார்.

மேஜையில் இரண்டு அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்து இணைத்து வெள்ளைப் பெயின்ட் அடித்த துண்டு. விரலால் தடவினேன், வழவழப்பு. லென்ஸில் பார்த்தேன், ஒன்றும் இல்லை. திருச்சியில் எங்கள் வழக்கமான ஆயுதம் டை பெனிட்ரன்ட். வெல்டைச் சுத்தமாகத் துடைத்து, சிவப்புத் திரவம் பூசி, மேற்பரப்பைத் துடைத்து, வெள்ளைப் பொடி அடித்தால் விரிசலுக்குள் போன சிவப்பு வெளியே கசிந்து கோடு போடும். விரிசலின் வாய் திறந்திருந்தால்தான் அது நடக்கும். பெயின்ட் வாயை அடைத்துவிட்டால் திரவம் எங்கே போகும்?

அவர் பேனா மாதிரியான ஒரு முனையைக் கையில் கொடுத்தார். உள்ளே சின்னக் கம்பிச்சுருள். அதில் மாறுதிசை மின்சாரம் ஓட, அருகிலிருக்கும் அலுமினியத்துக்குள் சுழல் மின்னோட்டம் எழும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், தொழிலில் எடி கரண்ட் என்போம். விரிசல் வந்தால் அந்த ஓட்டம் சுற்றிப் போக வேண்டும். அந்த மாற்றம் சுருளில் தெரிந்து திரையில் புள்ளி எகிறும். பெயின்ட் மின்சாரம் கடத்தாது, ஆகவே கருவிக்கு அது வெறும் இடைவெளி. இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் புள்ளி நகரும், ஆனால் வேறு திசையில். அந்த அசைவு படுக்கையாகத் தெரியும்படி கருவியை முதலில் திருத்திக்கொண்டால், விரிசல் மட்டும் செங்குத்தாக எழும். அதிர்வெண்ணும் ஒரு கணக்கு. 1,00,000 ஹெர்ட்ஸில் ஓட்டம் அரை மில்லிமீட்டருக்குள்ளேயே அடங்கிவிடும், மேல்தோல் விரிசலுக்கு அது சரி. 1,000 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் சில மில்லிமீட்டர் இறங்கி இரண்டாவது தகட்டையும் பார்க்கும், ஆனால் சின்னக் கீறல் மங்கிப்போகும்.

ரிவெட் தலைகளைச் சுற்றி முனையை ஓட்டினேன். புள்ளி படுத்தே கிடந்தது, படுத்தே கிடந்தது, ஒரு ரிவெட்டின் வலப்பக்கத்தில் நெட்டுக்குத்தாக எழுந்தது. இத்தனை வருடம் விரிசல் பார்த்தவனுக்கும் உள்ளங்கை வியர்த்தது.

"இங்கே கராஜில் எல்லோருக்கும் கிடைக்கும்" என்றார் அவர். இந்த மாதிரித் துண்டுகளைத்தான் 1990களில் சாண்டியா ஆட்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு விமானக் கம்பெனிகளின் ஹேங்கர்களுக்கே போனார்கள். எங்கே விரிசல் என்று சொல்லாமல், அவரவர் இடத்தில், அவரவர் கருவியில், அவரவர் ஷிஃப்டில் தேடச் சொன்னார்கள். ஒரே விரிசல் ஒருவருக்குக் கிடைத்தது, இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை. ஹேங்கருக்கு ஹேங்கர் வித்தியாசம் வந்தது. எவ்வளவு சின்ன விரிசலை ஒரு முறை கண்டுபிடிக்க முடியும் என்பது ஒரு கேள்வி. எவ்வளவு பெரிய விரிசலை ஒருவர் தவறவிட முடியும் என்பதுதான் நிஜக் கேள்வி என்று அவர் சொன்னதை நோட்டில் குறித்துக்கொண்டேன். விமானம் விழுவது இரண்டாவதால்தான்.

பூச்சைச் சுத்தமாக நீக்கிவிட்டுச் சோதித்தாலும் நிம்மதி இல்லை என்பதற்கு 2018 ஏப்ரலில் டல்லாஸுக்குக் கிளம்பிய சவுத்வெஸ்ட் விமானத்தைச் சொன்னார். இன்ஜினின் விசிறி இலை ஒன்று வேரில் முறிந்தது. ஒரு பயணி இறந்தார். 2012இல் அந்த இலையைக் கழற்றிப் பூச்சை நீக்கி ஒளிரும் பெனிட்ரன்டில் பார்த்திருக்கிறார்கள். ஒன்றும் தெரியவில்லை. 2012க்குப் பிறகுதான் அந்த இலைகளின் வேர்களுக்கு எடி கரண்ட் சோதனையும் வந்து சேர்ந்தது.

பச்சை மிளகாய்க் குழம்பு ஊற்றிய சோளத் தோசை ஒன்றைச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார். வாசலில் நின்று, ஹீலோ பயணியின் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டார். ஒரு தடவை அப்படிச் சொல்லியிருக்கிறாராம். கதவுக்குப் பக்கத்தில் ரிவெட் வரிசையோரம் ஒரு மெல்லிய கோடு. பணிப்பெண்ணிடம் சொல்ல, அவர் கேப்டனிடம் சொல்ல, கேப்டன் மெக்கானிக்கைக் கூப்பிட, அவர் ஏணி கொண்டுவந்து டார்ச் அடித்து நகத்தால் கீறிப் பார்த்தார்.

"பெயின்ட் அடிக்கும்போது ஒட்டின டேப்போட விளிம்பு. இருபது நிமிஷம் தாமதம். பக்கத்து சீட்காரர் சிகாகோ வரைக்கும் என்கூடப் பேசவே இல்லை."